பரமட்டாவில் ஒரு தனிச் சட்டி

சிட்னியின் பரமட்டா ரயில் நிலையத்துக்கு எதிரே விடுதி. காலை ஏழு மணி. எல்லார் தட்டிலும் முட்டை, பன்றி இறைச்சி, சாசேஜ், பீன்ஸ், காளான், பொரித்த தக்காளி. ஆங்கிலேயர்களின் முழுக் காலை உணவு இதுதானாம். கறியும் முட்டையும் வேண்டாம் என்று பரிமாறும் பெண்ணிடம் சொல்கிறேன். சற்று நேரத்தில் சமையல்காரரே குசினியிலிருந்து வருகிறார்.

"தமிழோ? சைவமோ?"

சிட்னியில் இறங்கியபின் காதில் விழும் முதல் தமிழ். யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஆமாங்க. தக்காளியும் ரொட்டியும் போதும்."

"அதுகளையும் பன்றிக் கொழுப்பிலதான் பொரிக்கிறனாங்கள். கொஞ்சம் இருங்கோ."

நான்கு நாளாக வேறொரு விடுதியில் இதே பொரித்த தக்காளியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான்.

தக்காளி, காளான், ரொட்டியோடு திரும்பி வருகிறார்.

"இது என்ர காலைச் சாப்பாடு செய்யிற சின்னச் சட்டியில பொரிச்சது. வெறும் எண்ணெய்தான் விடுறனான்."

உண்மையைச் சொன்னால், அந்த நான்கு நாள் ருசி இதில் இல்லை. பாதியில் வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்போது குசினிக் கதவு திறக்கிறது. அடுப்பில் அவருடைய சின்னச் சட்டி காலியாக இருக்கிறது. அவர் நின்றபடியே வெறும் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடுகிறார்.

தட்டை வழித்துச் சாப்பிடுகிறேன்.