சத்தம் வராத ஜப்பான் கிட்டார்

பழைய சாமான் வியாபாரத்தில் பொருளை விற்பது சுலபம். அது என்ன பொருள் என்று புரியவைப்பதற்குள்தான் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். கடை வைத்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளில் ஏற்காட்டில் நான் கடை போட்டிருந்தபோது, கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் செல்வராஜ் ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரை விற்றுத் தரச் சொல்லி வைத்துவிட்டுப் போனார். வேலையை விட்டுப் போன மேனேஜர் ஒருவர் ஆசையாகக் கொடுத்த ஜப்பான் சாமான் அது. கொடுத்த மகராசன் ஆம்ப்ளிஃபயரை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

கட்டில் வாங்க வந்தவர்

செம்மநத்தத்திலிருந்து கட்டில் வாங்க வந்த விவசாயி ஒருவர் கிட்டாரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கம்பியைத் தட்டினார். கொசு முனகுகிற மாதிரி ஏதோ கேட்டது. கரண்ட் கொடுத்தால்தான் பாடும் என்று விளக்கினேன். அவர் கிட்டாரைப் பத்திரமாக மாட்டிவிட்டுச் சொன்னார்:

"எங்கூருல வெளக்குக்கே கரண்டு நிக்க மாட்டீங்குது. இது என்னைக்குங்க பாய் பாடறது?"

ரேடியோ

இதை இப்படியே விட்டால் சரிப்படாது என்று ஒரு வேலை செய்தேன். கடையில் நான் பாட்டுக் கேட்கிற வால்வு ரேடியோவின் முதுகில், ரெக்கார்டு பிளேயருக்கென்று ஒரு துளை உண்டு. அதில் கிட்டார் ஒயரைச் சொருகி, கடைக்கு வந்த செல்வராஜையே வாசிக்கச் சொன்னேன். அருமையாக வாசித்தார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆனால் எல்லோரும் ரேடியோவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிளியூர்க்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல் சொன்னார்:

"நல்ல பாட்டு ஓடுதுங்க ரைட்டரே, அந்தக் கட்டையக் கீழ வெச்சுப்போட்டுக் கேளுங்க."

இரண்டு உத்தரவு

செல்வராஜின் மனைவி சரோஜா தனியாக வருவார். அவர்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து, சத்தமே வராத ஒரு கட்டையை மடியில் போட்டுக்கொண்டு புருஷன் தினமும் உட்கார்ந்திருப்பதைத்தான் அந்தம்மா பார்த்திருக்கிறார். சீக்கிரம் யார் தலையிலாவது கட்டிவிடச் சொல்லிவிட்டுப் போவார். அடுத்த பஸ்ஸில் செல்வராஜ் வந்து இறங்குவார். கிட்டாரைத் துணியால் துடைப்பார். அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். போகும்போது மெல்லக் கேட்பார்:

"யாரும் கேக்கலீங்களே, பாய்?"

வாங்க வந்தவர்

சீசனில் பெங்களூரிலிருந்து வந்த கிட்டார்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நகரவில்லை. இந்த மாடலை ஜப்பானிலேயே செய்வதை நிறுத்திவிட்டார்களாம், தேடினாலும் கிடைக்காதாம். மறுநாள் வரச் சொல்லி, செல்வராஜுக்கும் ஆள் அனுப்பினேன். புருஷன் மனசு மாறிவிடப் போகிறது என்று சரோஜாவும் கூடவே வந்துவிட்டார்.

உடையவரே ஒரு தடவை வாசித்துக் காட்டட்டும் என்றார் பெங்களூர்க்காரர். செல்வராஜ் ரேடியோவில் ஒயரைச் சொருகி ஆரம்பித்தார். இதுதான் கடைசி என்று நினைத்தாரோ என்னவோ, நிறுத்தவே இல்லை. சரோஜா முதலில் ரேடியோவைப் பார்த்தார். அப்புறம் புருஷனின் விரல்களைப் பார்த்தார். அதன் பிறகு அங்கிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வாசித்து முடிந்ததும் பெங்களூர்க்காரர் பர்ஸை எடுத்தார். சரோஜா அதற்குள் கிட்டாரை வாங்கித் தன்னோடு அணைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"இது இருக்கட்டுங்க பாய். அந்த ரேடியோ என்ன வெலைங்க?"

விற்க வந்த சாமானைத் திருப்பி அனுப்பிவிட்டு, விற்பதாகவே இல்லாத தன் சொந்த ரேடியோவைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வியாபாரி இந்த மலையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.