ஜீப்பு ஆறட்டும்

என் பழைய பிக்கப்புக்கு வேறு ரேடியேட்டர் தேடிப் போடி டவுன் முழுக்க அலைந்து களைத்துவிட்டேன். கடைசிக் கடைக்காரர் என் வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் துரு வாசத்தோடு ஆவி முகத்தில் அடித்தது.

எழுபதுகளில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்குப் போன ஜீப்பின் வாசம் அது. போடிமெட்டு மலை ஏற்றத்தில் ஏதாவது ஒரு வளைவில் கொதித்து நின்றுவிடும். டிரைவர் திட்டிக்கொண்டே இறங்குவார். விடியுமுன் எழுந்து வீட்டில் சமைத்துவிட்டு ஜீப்பேறிய பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணயர்வார்கள். "போலாமாம்மா?" என்று உலுக்கினால், அம்மா கண் திறக்காமலே சொல்வாள்: "சும்மா இரு அப்பு. ஜீப்பு ஆறட்டும்."

"இது கொதிக்கவே கொதிக்காதுண்ணே. நிக்காம மெட்டு ஏறிரலாம்," என்றார் கடைக்காரர், புதியதைத் தட்டிக்காட்டி.

மாட்டச் சொன்னேன். நாளை விடியுமுன் என் வண்டியிலும் தோட்டத்துப் பெண்கள்தான் ஏறுவார்கள். எந்த வளைவில் சும்மா நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.