முன்னாள் அமைச்சரின் எண்ணெய்க் குளியல்

அன்று குற்றாலத்தில், அருவிக்கரை எண்ணெய்க் குளியல் பலகையருகே இருந்தது மூன்றே பேர்: முன்னாள் அமைச்சர், அவருடைய டிரைவர், எண்ணெய் தேய்த்துவிடும் நான். பதவியில் இருந்தபோது அவர் குளிக்க வந்தால் சாலையே கார்களால் அடைபடும். இப்போதும், குப்புறப் படுத்திருந்தாலும், காலடிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிக் கும்பிடுவார். போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதுகில் எண்ணெய் தேய்த்தபடி மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணாச்சி, மவளுக்குச் சத்துணவு வேலைக்குன்னு உங்ககிட்ட குடுத்த ரெண்டு லட்சம்..."

"ஏலே, கட்சியில எனக்கே சீட்டு இல்லங்காவ. ஒம் மவளுக்கு எங்கன போய் வேலை கேக்க?"

டிரைவர் சிரித்தான். குளித்துவிட்டு வந்தவர் என் கூலி முந்நூறையும் தரவில்லை. "இதையும் அதோட சேத்துக்கோ" என்றார்.

கோபப்பட்டுவிடுவாரோ என்ற பயத்தில் கும்பிட்டுவைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. காரிலிருந்து இரண்டு கையாலும் திருப்பிக் கும்பிட்டார்.

வர வேண்டியது இரண்டு லட்சத்து முந்நூறு ரூபாய்.