ரெண்டு கொம்பும் சடைப்புல்லும்

ஈரப் பாவாடையில் ஒட்டிய புல்விதையை நகத்தால் உரிக்கும்போது வரும் அந்தச் சின்னச் சுணை இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது. எனக்கு எழுத்து அதிகம் வராது. ஆனால் சிடாம் கிரி ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் புல்லைப் பற்றிக் கேளுங்கள், நிதானமாகச் சொல்வேன்.

ரப்பர் மர நிழலில் படர்வதை "ரெண்டு கொம்பு" என்போம். ஆற்றோர வெயிலில் வளர்வது "சடைப்புல்". இலையைப் பார்த்தால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கதிர் வந்தால்தான் குணம் தெரியும்: முன்னதற்கு உச்சியில் இரண்டே கிளை, தட்டை விதை, ஓரமெல்லாம் மெல்லிய மயிர், பட்டதும் ஒட்டிக்கொள்ளும், பின்னதற்கு மூன்று நான்கு கிளை, பின்னிய சடைபோல வரிசையாக உருண்டை விதை, யாரோடும் ஒட்டாது. ரெண்டு கொம்பின் விதை மாட்டின் தொண்டையில் சிக்கும் என்று அப்பா அதை அறுக்கவே விடமாட்டார்.

ஒரு மாலை அக்கா நல்ல சடைப்புல் கட்டோடு வந்தாள். பாவாடை நிறைய ரெண்டு கொம்பு விதை.

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தோரத்துல இது எப்பலேர்ந்துடி மொளைக்குது?"

அக்கா தலை குனிந்தாள். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த மணியத்தோடு ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்று பேசியிருக்கிறாள். யாரோடாவது பேசினாள் என்று காதில் விழுந்தால் அடுத்த முகூர்த்தத்திலேயே அத்தை மகனுக்குக் கட்டிவைப்பேன் என்று அப்பா சொல்லிவைத்திருந்த சமயம் அது. அதற்குள் அவருடைய சைக்கிள் மணி கேட்டது.

"உக்காரு, அசையாத" என்று அம்மா அவளை இழுத்து உட்காரவைத்து மளமளவென்று விதைகளை உரித்தார். நானும் ஒரு பக்கம் உரித்தேன்.

"என்னா, மூணு பேரும் பேன் பாக்குறீங்களா?" என்றார் அப்பா.

"ஆமா, ஒங்க மகளுக்குப் பாவாடையில பேனு. போய்க் குளிங்க லா."

அவர் சிரித்துக்கொண்டே போனதும் அம்மா மெல்லச் சொன்னார்: "கட்டிக்கிறவன வாசல் வழியா வரச் சொல்லு."

சில நாளில் மணியம் தன் தாயோடு பெண் கேட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா முறைத்தார், பிறகு காப்பி போடச் சொன்னார்.

அந்தத் தோட்டம் இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனை; புல்லுக்கு மருந்தடித்து மரத்தடியில் வெறும் மண். லயமும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. போன வருடம் அக்காவைக் கட்டிய மணியம் மாமாவும் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த அன்று, கோத்தா கோலா மூடாவில் அவர்கள் வீட்டில் அக்கா கேட்டாள்: "அன்னைக்கு அம்மா அப்பாகிட்ட வாயத் தொறந்திருந்தா?"

"தொறக்கலியேக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆசப்பட்டவரோடயே வாழ்ந்துட்டல்ல."