வாய்க்கால்கரையில் தேசிய அணிக்கு ஒரு பந்தி

பிள்ளைகளே, போன வாரம் டி.வி.யில் நம் நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி ஆடியபோது நீங்கள் இருவரும் ஒன்று கேட்டீர்கள். "அப்பா, உங்க ரசத்தக் குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொன்ன கோச் எங்க? இது வேற ஆளால்ல இருக்கு?" என்றீர்கள். சாப்பிடுங்கள் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அந்த அணி கீழ்வேளூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வந்து தங்கியது அக்கினி வெயிலில். அடுத்து ஆடப்போகும் நாடு கொடும் வெக்கை உள்ளது என்பதால், வெயில் பழகட்டும் என்று பயிற்சியாளரே நம் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். கல்யாணச் சமையல் இல்லாத நாட்கள் அவை. விடுதிச் சமையல் எனக்கு வந்தது.

பயிற்சியாளர் வடசென்னைக்காரர். தலை நரைத்தவர். விடியற்காலையில் சமையல்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்து பால் இல்லாத டீ கேட்பார். அந்த அணியின் சரித்திரத்தை நான் அங்கேதான் கேட்டேன். முதலில் பந்து மூட்டை தூக்குகிறவராகச் சேர்ந்தாராம். அப்போது பெண்களின் சட்டை முழங்கால்வரை தொங்குமாம். ஷூ பெரிதாக இருந்தால் முன்னால் துணி அடைத்துக்கொள்வார்களாம். பிறகு கோல்கீப்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், பிறகு துணைப் பயிற்சியாளர், கடைசியில் தலைமைப் பயிற்சியாளர்.

"மொத கோச்சு தோத்தாரு, போனாரு. ரெண்டாவது வெளிநாட்டுக்காரரு. அவரும் தோத்தாரு, போனாரு. நடுவுல ஒருத்தரு ஜெயிச்சாரு மாஸ்டர், அவரையும் அனுப்பிட்டாங்க."

"ஜெயிச்சவர ஏன் சார்?"

"கொஞ்சமா ஜெயிச்சாராம்."

இத்தனை பேர் காலத்திலும் மாறாத ஒன்றை அவர் கவனித்திருந்தார். எழுபது நிமிடம் அந்த அணி நன்றாக ஆடும். கடைசி இருபது நிமிடத்தில் கால் ஓய்ந்து, கையில் இருந்த ஆட்டத்தை விட்டுவிடும். காரணம் சாப்பாடு என்பது அவர் முடிவு. ஒவ்வொரு பெண்ணும் அவளவள் ஊர் வழக்கப்படி சாப்பிட்டுவிட்டு இறங்குகிறாள் என்றார். அதனால் எனக்கு அளவு கொடுத்தார். சோறு இத்தனை கப், அவித்த கோழி இத்தனை துண்டு, எண்ணெய் அறவே கூடாது.

"நெல்லு வெளையுற ஊர்ல வந்து சோத்த அளந்து போடச் சொல்றீங்களே சார்."

"அதுக்குத்தான் உன்ன மாதிரி கல்நெஞ்சுக்காரன் வேணும் மாஸ்டர்."

முகாமின் கடைசி நாள் பிற்பகலில் ஒரு பயிற்சி ஆட்டம் இருந்தது. தரங்கம்பாடி மீனவப் பையன்கள் எதிரணி. டெல்லியிலிருந்து மூன்று அதிகாரிகள் பார்க்க வருவதாக இருந்தது. பெண்கள் கடைசிவரை தாக்குப்பிடித்தால் இவர் நீடிப்பார், இல்லாவிட்டால் வேறு ஆள். இதை அவரே என்னிடம் டீ குடித்துக்கொண்டு சொன்னார்.

மைதானத்தை ஒட்டி ஒரு பாசன வாய்க்கால் போகிறது. மேட்டூர் திறப்பதற்கு முன்னால் நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் அதைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். நம் அணிக்கு அவர்கள்தான் தினசரி ரசிகர்கள். மண்வெட்டியை ஊன்றி நின்று, ஓடுகிற பெண்களைப் பார்த்து, "ஏங்கண்ணு, இந்த வெயில்ல இந்த ஓட்டம் ஓடுறியே, உனக்கும் நூறு நாள் அட்டை இருக்கா?" என்று கத்துவார்கள். மணிப்பூர்ப் பெண்ணும் அரியானாப் பெண்ணும் ஒன்றும் புரியாமல் கையசைத்துவிட்டு ஓடுவார்கள்.

கடைசி நாள் பதினொன்றரை மணிக்கு அளந்த சோறும் அவித்த கோழியும் தயாராக வைத்திருந்தேன். அப்போது வாய்க்கால் வேலைப் பெண்கள் அண்டா, குண்டானோடு விடுதி வாசலில் வந்து நின்றார்கள். சோறு, சாம்பார், கத்தரிக்காய்க் கூட்டு, வடை, பாயசம் எல்லாம் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் அரிசி பருப்பு போட்டு ஒரு வீட்டில் பொங்கியிருக்கிறார்கள். நடவின் கடைசி நாளில் வேலை செய்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்கள் கணக்கில் இந்தப் பிள்ளைகளுக்கும் அன்று வேலை முடிகிற நாள்.

பயிற்சியாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆட்டம் முடிஞ்சதும் சாப்புடட்டும்மா."

"முடிஞ்சா பஸ்ஸு கெளம்பிடுமாமே, வாட்ச்மேன் சொன்னாரு. அப்பறம் இத நாங்களே திங்கவா?" என்றார் அவர்களில் மூத்தவர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, இம்புட்டு நாளா இந்தப் புள்ளைங்களுக்கு ஆஸ்பத்திரிச் சோறுதான் போட்டியாமே?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "மாஸ்டர், நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"உங்க டீம் சார். நீங்க சொல்றதுதான்."

அவர் அந்தப் பெண்களின் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் வாய்க்கால் சேறு காய்ந்திருந்தது. பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மொதல்ல எனக்குப் போடுங்க."

கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்று பிள்ளைகளுக்கு இந்தியில் சொன்னார். கொஞ்சம் என்பது பந்தியில் செல்லாது என்பது அவருக்குத் தெரியவில்லை. போதும் என்று பிள்ளைகள் இலையை இரண்டு கையாலும் மறைத்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் விரல்மேலேயே சாம்பாரை ஊற்றினார்கள். பாயசம் இரண்டு முறை வந்தது. நான் செய்த கோழி மூடி திறக்காமல் கிடந்தது.

ஆட்டம் மூன்று மணிக்கு. கல்லூரிக் கரும்பலகை ஒன்றை வாய்க்கால்கரைப் பூவரச மரத்தில் சாய்த்து ஒரு மாணவர் கோல் கணக்கு எழுதினார். முதல் பாதியில் நம் அணிப் பெண்கள் இரண்டு கோல் போட்டார்கள். கரையில் ஒரே விசில். அதற்குள் பணித்தளப் பொறுப்பாளர் கூப்பிட்டுவிட்டார். சாயங்கால வருகைக்குப் போட்டோ எடுக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. "நாங்க போட்ட சோத்துக்கு ரெண்டு கோலு" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார்கள்.

இரண்டாம் பாதியில் ஒரு பெண் கோட்டுக்கு வெளியே வந்து வாந்தி எடுத்தாள். அடுத்து இன்னொருத்தி. மீனவப் பையன்கள் மூன்று கோல் போட்டார்கள். மூன்றும் கடைசி இருபது நிமிடத்தில்.

அதிகாரிகள் சமையல்கட்டுத் தாழ்வாரத்தில் நின்று பயிற்சியாளரை விசாரித்தார்கள். பதிலுக்கு அவர் ஆங்கிலத்தில் சுருக்கமாக ஏதோ சொன்னார். அவர்கள் போனதும், என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என் கணக்கு தப்பாப் போச்சுன்னேன்."

"விருந்தச் சொல்லியிருக்கலாமே சார்."

"இன்னான்னு சொல்றது? சோறு போட்டாங்க, அதால தோத்துட்டோம்னா? நாளைக்குப் பேப்பர்காரன் அந்த அம்மாங்க மூஞ்சில மைக்க நீட்டுவான். உக்காந்து மொதல்ல தின்னது நான்." பிறகு, "அந்தக் கூட்டு நல்லா இருந்துச்சு மாஸ்டர். நீ அப்பிடிச் செய்ய மாட்ட" என்றார்.

அடுத்த மாதம் வேறு ஒருவரைப் போட்டதாகச் செய்தி வந்தது. காரணம் எதுவும் அதில் இல்லை. விருந்தால்தானா, அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்களா, எனக்குத் தெரியாது. அணி இப்போது நன்றாக ஆடுகிறது. கடைசி இருபது நிமிடத்தில் முன்போல் விழுவதில்லை என்பதை நீங்களே பார்த்தீர்கள். அவர் சென்னையில் ஏதோ ஒரு மைதானத்தில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதாகக் கேள்வி.

அன்று சாயங்காலம் பேருந்து கிளம்பியபோது பெண்கள் ஜன்னல் வழியே கையாட்டினார்கள். அவர் முன் இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கல்லூரி ஆட்களும் போய்விட்டார்கள். மைதானத்தில் நான் மட்டும்தான். கரும்பலகை இன்னும் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கோடு மரத்தடியில் கரைப்பாதையைப் பார்த்தபடி நின்றது. விடிந்தால் அந்த வழியாகத்தான் சோறு போட்ட பெண்கள் மண்வெட்டியோடு வருவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் எண் எல்லாருக்கும் தெரியும்.

கரித்துணியைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்து பலகையைத் துடைத்தேன். சாக்பீஸ் தடம் காய்ந்ததும் மறுபடி தெரிந்தது. இன்னொரு தரம் அழுத்தித் துடைத்துவிட்டு, துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போனேன்.