வியன்னீஸ் வால்ட்ஸும் என் தலைசுற்றலும்

போன வருஷம் ஆறு மாதம் தலைசுற்றலோடு கஷ்டப்பட்டேன். காதுக்குள் ஏதோ இடம் மாறிவிட்டது என்றார் டாக்டர். கட்டிலில் புரண்டு படுத்தால் போதும், அறையே சுழலும். சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைச் செய்து குணமான பிறகும் பயம் விடவில்லை. தலைக்குக் குளிக்கும்போது ஒரு கை சுவரில்தான் இருக்கும்.

அந்தச் சமயம் பார்த்து என் கணவர், சான் ஹோசேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து கம்யூனிட்டி சென்டர் வால்ட்ஸ் டான்ஸ் வகுப்பில் இரண்டு பேருடைய பெயரையும் கொடுத்துவிட்டார். வால்ட்ஸ் என்றால் ஜோடியாக மெதுவாக அசைவது என்று நினைத்திருக்கிறார். போன பிறகுதான் தெரிந்தது, இது வியன்னீஸ் வால்ட்ஸ். பழைய வகை, வேகமும் அதிகம், பாட்டு முடியும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் திரும்பிவிடலாம் என்றேன். ஆனால் டீச்சர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண்மணி, என் கதையைக் கேட்டுவிட்டு, முதலில் நடந்து மட்டும் பாருங்கள் என்றார்.

மூன்று எண்ணிக்கை. ஒன்றுக்குப் பெரிய அடி, இரண்டும் மூன்றும் சின்ன அடிகள். அப்படி ஆறு அடி வைத்தால் ஜோடி ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்கும். சுற்றிக்கொண்டே கூடத்தையும் வலம் வர வேண்டும், ஆனால் கோயில் பிரகாரத்தில் போவதற்கு நேர் எதிர்ப் பக்கமாக. எனக்கு அதுவே குழப்பியது. தரையைப் பார்க்காதீர்கள், கணவர் தோளுக்கு மேலே பாருங்கள், தலையைக் கவிழ்க்காதீர்கள் என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாட்டு வந்தது. கணவரின் சட்டையை முதுகுப் பக்கம் கசங்கப் பிடித்துக்கொண்டேன். ஒரு சுற்று, இரண்டு, அப்புறம் எண்ணவில்லை. ஜன்னல்களும் நாற்காலிகளும் கோடாக ஓடின. பாட்டு நின்றதும் நாங்களும் நின்றோம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"சுத்துதா?" என்றார் அவர்.

"இல்லைங்க. எல்லாம் நின்ன இடத்துலயே நிக்குது."

கண்ணில் நீர் வந்துவிட்டது. உடம்பு முழுக்க லேசானது. அவர் பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எனக்குத்தான் சுத்துது," என்றார்.

தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்ததும் அவருக்கு நிறம் திரும்பியது. நீ போ, நான் இங்கிருந்து பார்க்கிறேன் என்றார். அடுத்த பாட்டுக்கு டீச்சரே என்னைக் கூட்டிப்போனார். இந்தத் தடவை இடப்பக்கமாகச் சுற்றினோம், அது வலப்பக்கத்தைவிடக் கஷ்டம். மூன்று தடவை அவர் காலை மிதித்தேன், மூன்று தடவையும் மன்னிப்புக் கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணுவதை நிறுத்தவேயில்லை.