கையில் மிஞ்சிய கிரீம்

என் அண்ணிக்குப் பேக்கரியில் வழிச்சம்மா என்று பெயர். மாவுப் பாத்திரத்தை அவள் வழித்தெடுத்தால் பிறகு கழுவ ஒன்றும் இருக்காது. தட்டுக்கு வெண்ணெய் பூசிவிட்டு விரலில் ஒட்டியதை அடுத்த தட்டில் துடைப்பாள். அடுத்த தட்டு இல்லையென்றால், பக்கத்தில் பன் அடுக்கிக்கொண்டிருக்கும் என் முழங்கையில். "கழுவினா சாக்கடைக்குப் போயிடும். உன் கை என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். நான் தினமும் வெண்ணெய் மணக்கத்தான் வீட்டுக்குப் போவேன்.

காலையில் அடுப்படி, சாயங்காலம் கவுண்டர். கவுண்டர்தான் அவளுக்கு உயிர். வாங்க வருகிறவர்களிடம் வாயாடிக்கொண்டே ஒரு ரொட்டி கேட்டவர் கையில் ரெண்டைத் திணித்து அனுப்புவாள்.

ஒருநாள் அடுப்பிலிருந்து இழுத்த தட்டு சறுக்கி அவள் இடது கன்னத்தில் பட்டுவிட்டது. புண் ஆறியது. கருத்த தடிப்பு ஒன்று நின்றுவிட்டது. "கருப்பு மெதுவா மங்கும், வெயில் படாம பாத்துக்குங்க. தடிப்பு முழுசா போகாது" என்று கிளினிக்கில் சொன்னார்கள். அவள் கேட்டிருப்பாள். முதலாளி கேட்கவிடவில்லை. "கொஞ்ச நாள் உள்ளயே இரும்மா, திங்கிற பொருள் விக்கிற இடம்" என்று கவுண்டரை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஆளின் நாக்கு அழுக என்று நான் அன்றே சபித்தேன்.

அப்புறம்தான் எங்கள் தெரு பார்லர்காரி ஒரு வட்ட டப்பாவில் முகத்துக்குப் போடும் கிரீமைக் கொடுத்தாள். எந்தத் தழும்பும் மறைந்துவிடுமாம். டப்பாவில் செய்தவர் பெயரும் இல்லை, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றும் இல்லை.

"என்ன இருக்குன்னு தெரியாம மூஞ்சில பூசலாமா அண்ணி?"

"நம்ம பன்னுல என்ன இருக்குன்னு கேட்டுட்டா எல்லாரும் திங்கிறாங்க? போடி."

முகம் வெளுத்தது, அதை மறுக்க முடியாது. தெருவே மூக்கில் விரல் வைத்தது. ஆனால் தடிப்பு தடிப்பாகவே இருந்தது. சுற்றிலும் வெளுத்துப்போனதில் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. வழிச்சம்மா விடுவாளா? இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பூசினாள்.

இந்தச் சமயத்தில்தான் அவள் மகளுக்குக் கண் இமை வீங்கியது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த சின்னப் பெண், எங்கள் எல்லாருக்கும் குட்டி. அழுதிருப்பாள் என்று விட்டுவிட்டோம். பிறகு கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. ஒன்றுக்குப் போனால் சோப்புத் தண்ணீர் போல நுரைத்து நின்றது. அண்ணன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கிட்னியில் கோளாறு என்றார்கள். ஏன் என்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. மருந்து ஏறிக்கொண்டிருந்தது, வீக்கம் இறங்கவில்லை. பிள்ளை தங்குவாளா என்ற கேள்வியை நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஒருநாள் வார்டுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். குட்டியைப் பார்த்தார். அப்புறம் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முகத்துக்கு என்ன போடுறீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை கிடக்கிற கிடப்பில் இந்தம்மாவுக்கு அழகுக் குறிப்பு கேட்கிறதா என்று வாயைத் திறக்கப் போனேன்.

"சில வெளுக்குற கிரீம்ல பாதரசம் கலக்குறாங்க. தோல் வழியா உள்ள போனா கிட்னியக் கெடுத்துடும். பாப்பா மேல பட்டிருந்தா, காரணம் அதுவா இருக்கலாம். அதுதான்னா அத வெளியேத்த மருந்து இருக்கு. ஆனா படுறது நிக்கணும், இல்லன்னா எந்த மருந்தும் கேக்காது."

பாதரசம் என்றதும் அண்ணி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

"குழந்தைக்கு நான் போட்டதே இல்ல டாக்டர். டப்பாவத் தொடக்கூட விட்டதில்ல."

"மேல் அலமாரியிலதான் இருக்கும். அவளுக்கு எட்டாது," என்று நானும் சொன்னேன். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

"டப்பா இருக்கா? டெஸ்டுக்கு அனுப்பணும்."

கைப்பையில் இருந்தது. அதை இங்கேயும் கொண்டுவந்திருக்கிறாளே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணி மூடியைத் திருகினாள். திறந்த வேகத்தில் விரல் உள்ளே போய்க் கிரீம் ஒட்டிக்கொண்டது.

மூடி திறந்த சத்தத்துக்குக் குட்டி தலையணையில் முகத்தைத் திருப்பினாள். வீங்கிய கண்ணை அவளால் திறக்க முடியவில்லை. அம்மா இருக்கிற பக்கமாகக் கன்னத்தை நீட்டினாள். தினமும் நீட்டிப் பழகிய பிள்ளை அப்படித்தான் நீட்டும்.

"அம்மா, மிச்சம் எனக்கு," என்றாள். அம்மாவின் கை வராமல் போகவே, "கழுவிடாதம்மா. சாக்கடைக்குப் போயிடும்," என்றாள்.

என் முழங்கை கூசியது. பேக்கரியில் என் கை, வீட்டில் இந்தக் கன்னம். இது என் மண்டையில் ஏன் உறைக்கவில்லை என்று எனக்கு ஒரேயடியாக ஆத்திரம் வந்தது. டாக்டரம்மா டப்பாவை வாங்கி மூடினார். நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை மாற்றச் சொன்னார்.

அண்ணி விரலைத் தூக்கிப் பிடித்தபடி வராந்தாக் குழாய்க்கு ஓடினாள். நான் குட்டியின் கன்னத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொட்டுகிற சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.